நீலாவதி எழுதிய ஐந்து வரி

கல்லுமலை ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் லயங்களைச் சுற்றிப் போட்ட முள்வேலியின் கதவைக் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்கு முன்பே பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு முடித்து, ஆண்களை ஒரு வரிசையிலும் பெண்களை ஒரு வரிசையிலும் நிற்க வைத்துவிடுவார்கள். ஆண்களைச் சிறப்புக் காவலர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க டவுனிலிருந்து ஒருத்தியைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அவள் சேலை மடிப்பை உதறச் சொல்வாள், கொண்டையை அவிழ்க்கச் சொல்வாள், பால் வாளியைக் கவிழ்த்து அடியில் தட்டிப் பார்ப்பாள். "நாசி அடா? சோறு இருக்கா?" என்று மலாயிலும் தமிழிலுமாக எல்லோரிடமும் அதே கேள்வி. கையில் தண்ணீர்ப் போத்தலைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. சோறு, அரிசி, சீனி, கருவாடு, பிள்ளை கடித்து மிச்சம் வைத்த ரொட்டித் துண்டுகூடக் குற்றம்.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம், மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டு வெளியே வரவழைப்பது சர்க்காரின் திட்டம். அவர்கள் பட்டினி கிடந்தார்களோ இல்லையோ, பால்மரம் வெட்டியவர்கள் கிடந்தார்கள்.

ஆளுக்கு நானூறு மரம். ஆறரைக்கு உளியை வைத்தால் கடைசி மரத்தில் கோடு இழுத்து முடிக்கப் பத்து மணி ஆகிவிடும். பிறகு பால் வடியும்வரை காத்திருந்து, கோப்பை கோப்பையாக வாளியில் ஊற்றி, இரண்டு வாளியையும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்து நிறுக்கையில் மணி ஒன்று. முன்பெல்லாம் அந்தப் பத்து மணிக்குத்தான் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். பழைய சோறும் பகாவ் சந்தைக் கருவாடும் ஒரு பச்சை மிளகாயும் உள்ளே போனால்தான் மிச்ச வேலைக்கு உடம்பில் தெம்பு இருக்கும். வேலி போட்ட பிறகு பத்து மணிக்கு எல்லோரும் தண்ணீரைக் குடித்துவிட்டு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மயிலம்மாளுக்கு அப்போது ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு கரு கலைந்து போயிருந்தது. மூத்தவள் நீலாவதிக்குப் பிறகு பத்து வருஷமாக வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லை. ஒருநாள் பத்து மணிக்கு அவள் கண் இருட்டி, வடிந்துகொண்டிருந்த பாலின் மேலேயே விழுந்தாள். பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் முனியாண்டி ஓடி வந்து தூக்கியபோது, அவள் முதலில் கேட்டது, "பாலு கொட்டிருச்சா?" என்றுதான்.

மறுநாளிலிருந்து முனியாண்டி ஒரு பிடிச் சோறு கொண்டுபோனான். வாழையிலைத் துண்டில் சோற்றைத் தட்டையாக மடித்து ஒட்டுப்பால் பையின் அடியில் வைத்துக்கொள்வான். மரத்தில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துப் போடும் பை அது. வருஷக்கணக்கான நாற்றம். காவலர்கள் அதைக் காலால் தள்ளிப் பார்ப்பார்களே தவிர, மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோக மாட்டார்கள்.

"இந்த நாத்தத்துல எப்புடிங்க திங்கிறது?" என்று முதல்நாள் கேட்டாள் மயிலம்மாள்.

"நீ திங்க வேணாம். வவுத்துல உள்ளது திங்கட்டும்."

அவள் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றாள். அன்று சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தாள். நீலாவதி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

தோட்டத்துப் பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட ஒரே அறை. நான்கு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். பெர்னார்ட் என்று பெயர். சிரம்பான் அம்பாங்கானிலிருந்து வந்தவர், இருபத்துமூன்று வயது. அவருக்கு முன்னால் இருந்தவர் 'பசு ஒரு வீட்டு மிருகம்' என்று எழுதிப் போட்டு, அதையே பத்து முறை எழுதச் சொல்லிவிட்டுத் தூங்குவார். பெர்னார்ட் வந்த பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் தாமே நான்கு வரிக் கவிதை கட்டிப் பலகையில் எழுதுவார். பிள்ளைகளோடு சேர்ந்து சத்தமாக இரண்டு முறை படிப்பார். பிறகு, "இதைப் படிச்சதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? அஞ்சு வரி எழுதுங்க. நீங்க கண்டது, கேட்டது. பாட்டுல உள்ளத எழுதாதீங்க" என்பார்.

முதல் மாதம் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் மாதம் எழுத ஆரம்பித்தார்கள். மழையைப் பற்றி எழுதச் சொன்னால் மழை பெய்தால் வேலை கிடையாது, வேலை இல்லாவிட்டால் வீட்டில் சண்டை என்று எழுதினார்கள். எது நன்றாக இருக்கிறதோ அதை அவர் சுவரில் குத்தி வைப்பார். படிக்கத் தெரியாத தகப்பன்மாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து தன் பிள்ளையின் தாள் எதுவென்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் எழுதிய கவிதை இது:

பசியென்று ஒருவர் வந்தால்
பாதிச்சோறு என் இலையில் உண்டு;
யாரென்று கேட்க மாட்டேன்,
ஊரென்று கேட்க மாட்டேன்.

"இதுல யாரு வந்தாங்கன்னு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அதான் அழகு. எல்லாத்தையும் சொல்லிடக் கூடாது. கொஞ்சத்த விட்டா படிக்கிறவன் யோசிப்பான்."

நீலாவதி நான்காம் வகுப்பு. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் எழுதினாள்:

என் அப்பா தினமும் ஒரு பிடிச் சோறு எடுத்துப் போவார்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் பசியோடு இருக்கும்.
அப்பா யாருக்கும் தெரியாமல் கொடுப்பார்.
அந்த ஆள் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடும்.
அந்த ஆளின் பெயரை நான் சொல்ல மாட்டேன்.

பெர்னார்ட் கடைசி வரியைப் படித்துவிட்டு, "சபாஷ்" என்றார். கற்பனை என்று நினைத்துக்கொண்டார். நல்ல கற்பனை. சுவரில் குத்தி வைத்தார். வேலிக்குள் இருந்துகொண்டு, வேலியைப் பற்றிய தாளைச் சுவரில் குத்தும்போது அந்தப் படித்த மனிதருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை கூரை ஒழுகலைப் பார்க்கத் தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கணேசமூர்த்தி வந்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தவர், தலையைக் குனியும்போது சுவரைப் பார்த்தார். படித்தார். இன்னொரு முறை படித்தார். கிராணிக்கு முனியாண்டி மேல் தனிப்பட்ட பகை ஒன்றும் கிடையாது. தமிழ் படிக்கத் தெரியாத தோட்டத் துரைக்குத் தமிழில் எழுதியதைச் சொல்லும் வாய்ப்பு அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை, அவ்வளவுதான். தாளைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெர்னார்ட் கேட்டதற்கு, "தொரைக்குக் காட்டணும். நல்லா எழுதியிருக்கு" என்றார்.

*

மறுநாள் மத்தியானம் முனியாண்டி ஸ்டோரில் பால் நிறுத்துக்கொண்டிருந்தபோது போலீஸ் ஜீப் வந்து நின்றது. காவலன் ஒருவன் அவன் வாளிகளைக் கிளறிவிட்டு, ஒட்டுப்பால் பையையும் தூக்கித் தரையில் கொட்டினான். கறுத்துச் சுருண்ட பால் துண்டுகளோடு வாழையிலை ஒன்று விழுந்தது. அதில் நான்கைந்து பருக்கை ஒட்டியிருந்தது.

"யாருக்குக் கொடுத்தே?"

"நான்தான் தின்னேன்."

கன்னத்தில் ஓர் அடி விழுந்தது. "யாருக்கு?"

முனியாண்டி, வரிசையில் ஆறாவதாக நின்ற தன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அவளையும் ஏற்றிவிடுவார்கள். "நான்தான் தின்னேன்" என்றான் மறுபடியும். மயிலம்மாள் வாளிகளைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் ஜீப் திரும்பிவிட்டது. வெள்ளைப் பால் ஸ்டோர் தரையில் ஓடியது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதைப் பார்த்து, "ஐயோ, பாலு!" என்றான்.

அவளுக்கு விஷயத்தைச் சொன்னது பக்கத்து வீட்டு முத்தாயி. ஆபீசில் கூட்டிப் பெருக்குகிறவள். "ஒம் மவ எழுதுனதாம் மயிலு. அந்தத் தாள கிராணி தொரைக்குப் படிச்சுக் காட்டுனாரு. காட்டுக்காரனுக்குச் சோறு குடுக்குறதா அதுல இருக்காம். கேஸு இல்லாமயே ரெண்டு வருஷம் உள்ள வச்சிருவானுங்களாம். இல்லாட்டிக் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிருவானுங்களாம்."

"எந்த ஊருக்கு? அவரு பொறந்தது இந்த லயத்துலதான."

"அத யாரு கேக்கறா?"

மயிலம்மாள் வீட்டுக்குள் போனாள். நீலாவதி விறகு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மயிலம்மாள் கையை ஓங்கி அவள் முதுகில் அறைந்தாள். இரண்டாவது அறை, மூன்றாவது அறை. பிள்ளை அழவில்லை.

"என்னாடி எழுதுன? சொல்லுடி! என்னாத்த எழுதித் தொலைச்ச?"

நீலாவதி ஐந்து வரியையும் மனப்பாடமாகச் சொன்னாள். கடைசி வரி வந்ததும் மயிலம்மாளின் கை கீழே இறங்கியது.

"யாருடி அந்த ஆளு?"

"நீதாம்மா."

"அத ஏண்டி எழுதல?"

"சார்தான் பேரச் சொல்லக் கூடாதுன்னாரு. சொல்லாம இருந்தாத்தான் அழகாம்."

மயிலம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெர்னார்ட் வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்கும் செய்தி எட்டியிருந்தது.

"அக்கா, எனக்குத் தெரியாது. அது கற்பனைன்னு நெனச்சேன். பேர விட்டா படிக்கிறவன் யோசிப்பான்னு சொன்னது நான்தான், ஒத்துக்கறேன்..."

"யோசிச்சான்லா! நல்லா யோசிச்சான்! எம் புருஷன ஜீப்புல ஏத்துற வரைக்கும் யோசிச்சான். இப்ப எப்புடி சார், அழகா இருக்கா?"

பெர்னார்ட் சுவரில் தாள் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களுக்கு அழகு வேணும். அதுக்கு எம் புள்ள கையி. நாங்க எந்த வேலிக்குள்ள கெடக்குறோம்னு ஒங்களுக்குக் கண்ணு தெரியல? காலையில எங்கள அவுத்துப் பாக்குறது தெரியல? சோறுன்னு வாயத் தொறந்தாலே புடிக்கிற காலத்துல, சோத்தப் பத்திப் பாட்டுக் கட்டி எழுதச் சொல்லியிருக்கீங்க!"

"தப்புதான்." அவர் ஓர் அடி முன்னால் வந்தார். "ஒரு வழி இருக்கு. நானும் வர்றேன். இது பாடத்துக்காக நான் எழுதச் சொன்னது, நீலாவதி சும்மா இட்டுக்கட்டி எழுதினது, நெசம் இல்லன்னு சொல்லிடலாம். புள்ளயும் ஆமான்னு சொல்லிட்டா..."

"எலையில சோத்துப் பருக்க இருந்துச்சே, அதையும் எம் புள்ள இட்டுக்கட்டுச்சா? ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா அவர இன்னும் நல்லா மிதிப்பானுங்க." மயிலம்மாள் மூச்சு வாங்கினாள். "எம் புள்ள பொய்யி எழுதல. கண்டத எழுதுச்சு. மிச்சத்த நான் போயிச் சொல்றேன்."

"என்னான்னு?"

"தின்னது நான்னு."

கூடவே ஓடி வந்திருந்த முத்தாயி குறுக்கே வந்து நின்றாள். "பைத்தியமா ஒனக்கு? ஒன்னையும் புடிச்சுப் போட்டா? இந்த வவுறோட?"

"போடட்டும். எத்தன பேர போடுவான்னு பாக்கறேன்."

*

சனிக்கிழமை மயிலம்மாளும் நீலாவதியும் பெர்னார்டும் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் காக்க வைத்தார்கள். பெஞ்சு கிடையாது. பெர்னார்ட் உள்ளே போய் எங்கிருந்தோ ஒரு முக்காலியை வாங்கி வந்து போட்டார். மயிலம்மாள் அதைத் தொடவில்லை.

போலீஸ் துரை வெள்ளைக்காரன். முகமெல்லாம் வெயிலில் சிவந்து உரிந்திருந்தது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். மேசைமேல் நீலாவதியின் தாள் விரித்து வைத்திருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது.

"அந்தச் சோத்தத் தின்னது நான்தான்" என்றாள் மயிலம்மாள். "காட்டுக்காரன் எவனும் இல்ல. எனக்கு மயக்கம் வந்துச்சு. அவரு எனக்குக் கொண்டாந்தாரு. புடிக்கணும்னா என்னையப் புடிங்க."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் துரை சிரித்தார். எல்லாப் பெண்டாட்டிகளும் இப்படித்தான் சொல்வார்கள் என்றார். பெர்னார்ட் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். பாடம், கவிதை, செவ்வாய்க்கிழமை. துரை கையைக் காட்டி நிறுத்தினார். யார் வந்தாலும் சோறு கொடு என்று இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறாயா, உன்னைப் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும் என்றார்.

பிறகு அவர் பார்வை நீலாவதியின் மேல் நின்றது.

தாயையும் வாத்தியாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். நீலாவதிக்கு மேசை உயரமாக இருந்தது. நின்றபடியே எழுதினாள். அந்த ஆள் யாரென்று எழுது, பார்த்தது எதையும் விடாதே என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். வெளியே மயிலம்மாள் கதவைக் கையால் குத்தினாள். "பச்சப்புள்ளய உள்ள வச்சுக்கிட்டு என்னாடா பண்றீங்க!" காவலன் அவளைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினான்.

பத்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து இருவரையும் உள்ளே விட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தாளைக் கையில் வைத்திருந்தார். அதைத் துரைக்குப் படிக்கும்போது முதலில் தமிழில் சத்தமாகப் படித்தார்:

அந்த ஆள் என் அம்மா.
அம்மா வயிற்றில் பாப்பா இருக்கிறது.
முன்பு இரண்டு பாப்பா செத்துப் போயின.
இந்தப் பாப்பாவுக்குப் பத்து மணிக்குப் பசிக்கும்.
பத்து மணிக்குச் சோறு தின்னக் கூடாது என்று பாப்பாவுக்குத் தெரியாது.

ஐந்தையும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னார். துரை இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மயிலம்மாளின் வயிற்றைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

சட்டம் சட்டம்தான் என்றார் கடைசியில். காட்டுக்காரனுக்குக் கொடுத்ததாக இனி சொல்ல மாட்டோம். ஆனால் வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோனது குற்றம். இரண்டு வாரம் கழித்துக் கோர்ட்டில் மூன்று மாதம் போட்டார்கள். பெண்டாட்டிக்குச் சோறு கொடுத்ததற்கு மூன்று மாதம். தோட்டத்தில் அதைக் கேட்டவர்கள், "நல்லவேள, மூணு மாசத்தோட போச்சு" என்றார்கள். அதைக் கேட்கத்தான் மயிலம்மாளுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

பெர்னார்டுக்கு மாதக் கடைசியில் கடிதம் வந்தது. வேலை இல்லை. போகிற அன்று அவர் லயத்துக்கு வந்து வெளியே நின்றார். மயிலம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"சிரம்பானுக்குப் போறேன் அக்கா. புள்ளகிட்ட ஒண்ணு சொல்லணும். எழுதறத விட வேணாம்னு..."

"அத நீங்க சொல்லாதீங்க சார்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, "போறப்ப கொஞ்சம் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் குடித்தார்.

புதிதாக வந்த வாத்தியார் பசுவைத் திரும்பக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைதோறும் எல்லா நோட்டுகளையும் கிராணி ஆபீசுக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு. நீலாவதி பசுவைப் பத்து முறை எழுதினாள். வீட்டில் வாயே திறக்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், தண்ணி எடு என்றால் எடுத்தாள்.

*

முனியாண்டி உள்ளே போய் ஒரு மாதம் கழித்து, சிரம்பான் ஜெயிலில் பார்க்க அனுமதி கிடைத்தது. மயிலம்மாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற முனியாண்டியின் தலையை மொட்டையடித்திருந்தார்கள். நீலாவதி தாயின் பின்னால் மறைந்துகொண்டாள்.

"புள்ள ஏன் ஒளியுது?"

"வாயத் தொறந்து ஒன்ற மாசமாச்சு. தன்னாலதான் நீங்க உள்ள இருக்கீங்கன்னு நெனப்பு."

முனியாண்டி கம்பிக்குள் முகத்தை வைத்தான். "நீலா, இங்க வா. நீ எழுதுனதுக்கா என்னையப் புடிச்சான்? ஒங்கம்மா திங்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டான் பாரு, அதுக்குப் புடிச்சான். ஓம் மேல எனக்குக் கோவம் இல்ல. வேற ஆளுங்க மேல இருக்கு. நெறையா இருக்கு."

நீலாவதி முன்னால் வந்தாள். நெடுநேரம் அவன் மொட்டைத் தலையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இங்க சோறு போடுறாங்களாப்பா?"

"போடுறான். கல்லும் மண்ணுமா இருக்கும். ஆனா நேரத்துக்குப் போட்டுருவான்."

"எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்கு."

மயிலம்மாள் கம்பியைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்கியதும் அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் கிராணி பேர் கூப்பிட்டு முடித்தார். கதவைத் திறந்தார்கள். பெண்கள் வரிசையில் முதலாவதாக நின்ற மயிலம்மாள் வாளிகளைத் தரையில் வைத்தாள்.

"கிராணியாரே, ஜெயில்ல பத்து மணிக்குச் சோறு போடுறானாம்."

"என்னா?"

"திருடனுக்கும் கொலகாரனுக்கும் பத்து மணிக்குச் சோறு. நாங்க என்னா குத்தம் செஞ்சோம்? தொரைகிட்டப் போயிச் சொல்லுங்க. தமிழ்ல எழுதுனதத்தான் நல்லாப் படிச்சுக் காட்டுவீங்கல்ல, நான் வாயால சொல்றதையும் சொல்லுங்க. பத்து மணிக்குச் சோறு வந்தா நான் மரம் வெட்டுறேன். இல்லாட்டி என்னையும் ஜெயில்ல போடச் சொல்லுங்க. அங்க போயித் தின்னுக்கறேன்."

முத்தாயி பின்னாலிருந்து வரிசைக்குள் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். ஆபீஸ் பெருக்கும் அவளுக்கு வெளிவேலையே கிடையாது. பிறகு வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் இறங்கின. ஆண்கள் வரிசையிலும் கேட்டது அந்தத் தகரச் சத்தம். கதவு திறந்தே இருந்தது. ஒருவரும் வெளியே போகவில்லை.

சட்டவிரோதமாகக் கூட்டம் கூடியதாகச் சொல்லி இரண்டு பெண்களை அன்று ஜீப்பில் ஏற்றினார்கள். சாயங்காலம் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாளும் வாளிகள் தரையில் இருந்தன. மரங்களில் வெட்டு விழாமல் இரண்டு நாள் பால் போனது. மூன்றாம் நாள் தோட்டத் துரை இறங்கி வந்தார். வேலிக்கு வெளியே சோறு கிடையாது. பத்து மணிக்குக் கதவுக்கு வரலாம், காவலர்கள் பார்க்க வேலிக்குள் இருபது நிமிஷம் சாப்பிடலாம். நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், உட்கார்ந்தால் நேரமாகும் என்று கிராணி மொழிபெயர்த்துச் சொன்னார்.

முதல் நாள் பத்து மணிக்கு அரை மைல் நடந்து எல்லோரும் கதவுக்கு வந்தார்கள். நீலாவதி வீட்டிலிருந்து தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். காவலன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். மயிலம்மாள் அவர் காலுக்கு முன்னால், வெயிலில், மண் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"நின்னுக்கிட்டுச் சாப்பிடணும்னு சொன்னேன்" என்றார் கிராணி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். அவசரமே படாமல் சாப்பிட்டாள்.